கெட்ட ரத்தம் என்றொரு பொய்

எங்க அப்பா 2009-இல் செத்துப்போனார். எதனால் என்று கேட்டால் எங்கள் தெருவில் இன்றைக்கும் ‘நீரடைப்பு’ என்றுதான் சொல்வார்கள். எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லும்.

ரைஸ்மில்லில் முப்பது வருஷம் மூட்டை தூக்கினவர். ராத்திரியில் அஞ்சு தடவை, ஆறு தடவை எழுந்து ஒண்ணுக்குப் போவார். சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ‘சூடு பிடிச்சிருக்கு’ன்னு நீராகாரம் குடித்தார். வெந்தயம் ஊறப்போட்டுத் தின்றார். இடுப்பு வலித்தபோது, மூட்டை தூக்கின வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டார். மகள்களும் மருமகளும் இருக்கிற ஒற்றை அறை வீட்டில், ‘அந்த இடத்தில்’ நோவு என்று ஓர் ஆம்பளை யாரிடம் வாய் திறப்பான்? ஒருநாள் அடியோடு அடைத்துக்கொண்டு அலறியபோதுதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டியூப் போட்டு நீரை எடுத்தார்கள். நாலைந்து நாள் கழித்து, புராஸ்டேட்டில் புற்றுநோய், எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் எங்களைப் பார்த்து, ‘ஏன் இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வந்தீங்க?’ என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கொலை செய்தவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.

அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. நான் வரலாறு படித்தவன். ஆகவே பதிலையும் வரலாற்றில்தான் தேடினேன். எனக்குப் பதில் கிடைத்த இடம் அமெரிக்கக் கறுப்பர்களின் வரலாறு.

இது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. 1946-இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாதார் நிலைக்கும் நீக்ரோக்கள் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சொல்லி, அய்க்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பர்கள் கொடுத்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டிருந்தார். 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பிறந்தபோது கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கவிதையைப் படித்தோம், போராட்டத்தைப் படித்தோம். அவர்கள் எந்த நோயில் செத்தார்கள் என்பதை மட்டும் படிக்கவில்லை.

லாங்ஸ்டன் ஹியூஸ் பெயர் நம் சிறுபத்திரிகை வாசகர்களுக்குத் தெரியும். அவர் 1967-இல் நியூயார்க்கில் இறந்தது புராஸ்டேட் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால். 1966-இல் மிசிசிப்பியில் ‘கறுப்பு அதிகாரம்’ என்ற முழக்கத்தை எழுப்பிய ஸ்டோக்லி கார்மைக்கேல், பின்னாளில் குவாமே துரே, 1998 நவம்பரில் கினி நாட்டின் கோனாக்ரியில் இறந்தார். வயது 57. அதே நோய். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் ஓரமாக வந்த செய்தியைப் படித்துவிட்டு, போராளி ஒருவர் போய்விட்டார் என்று வருத்தப்பட்டேன். அந்த நோயின் பெயர் என் மனதில் பதியவே இல்லை. பதிந்திருந்தால் பத்து வருஷம் கழித்து அப்பா ராத்திரியில் எழுந்து எழுந்து போனபோது ஏதாவது உறைத்திருக்குமோ என்னவோ.

*

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அதுதான் புராஸ்டேட். வயதானால் பலருக்கு அது வீங்கும். வீங்கினதெல்லாம் புற்றுநோய் அல்ல. புற்றுநோயாகவே இருந்தாலும் அது சிலருக்கு ஆமை மாதிரி நகரும். வேறு ஏதாவது காரணத்தால் செத்துப்போவார்கள், இது இருந்ததே தெரியாது. சிலருக்கு வேகமாக எலும்புக்கு ஓடிவிடும். எது ஆமை, எது வேட்டைநாய் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறை நிபுணர்களின் அய்ம்பது அறுபது வருஷத் தலைவலி.

அமெரிக்காவில் கறுப்பு ஆண்கள் இந்த நோயால் சாகும் விகிதம், வெள்ளை ஆண்களின் விகிதத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது ஒரு வருஷத்துக் கணக்கல்ல. பல பத்தாண்டுகளாக இருந்துவருவது. ஏன் என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். ஒன்று, அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது. இரண்டு, அவர்கள் தாமதமாக வருகிறார்கள். இரண்டு பதிலிலும் குற்றவாளி ஒருவனே. செத்தவன்.

நமக்கு இது பழகின பேச்சுதானே? ‘அவனுங்க பிறவியே அப்படி’, ‘அவனுங்க திருந்த மாட்டானுங்க’. சாதி பேசுவது இந்த இரண்டு வாக்கியங்களில்தான்.

*

புராஸ்டேட் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்ற சோதனை யாருடைய உடம்பில் தொடங்கியது?

நியூயார்க்கில் பவரி என்றொரு தெரு. வீடில்லாதவர்கள், குடியால் சீரழிந்தவர்கள், அன்றாடக் கூலிகள் சில்லறைக் காசு கொடுத்துப் படுத்துக்கிடந்த விடுதிகள் நிறைந்த இடம். 1951-இலிருந்து 1966 வரை, கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ரி ஹட்சன் என்ற சிறுநீரகவியல் மருத்துவர் அந்த விடுதிகளிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார். 1200 பேருக்கும் மேல். சுத்தமான படுக்கை, மூன்று வேளைச் சோறு, இலவச வைத்தியம் என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள். அவர்களுக்கு நோய் இருப்பதாக எந்த அறிகுறியும் இல்லை. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில் கத்தி வைத்துத் திறந்து, சுரப்பியிலிருந்து சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்று என்று தெரிந்தால் சுரப்பியை அகற்றினார்கள், விதைகளை எடுத்தார்கள், பெண் ஹார்மோன் கொடுத்தார்கள். ஆண்மை போகலாம், மலக்குடல் கிழியலாம் என்பதை அவர்களிடம் சரிவரச் சொல்லவில்லை. முன்கூட்டியே தேடி வெட்டினால் உயிர் பிழைக்கும் என்பதற்கும் அன்றைக்கு நிரூபணம் இல்லை.

இந்தக் கதையை ராபர்ட் அரோனோவிட்ஸ் என்ற மருத்துவ வரலாற்றாசிரியர் விரிவாக எழுதி வெளியிட்டது 2014-இல்தான். அரை நூற்றாண்டு யாரும் பேசவில்லை. பவரிக்காரர்களைச் சேர்த்துக் கட்டியது நிறம் அல்ல. வீடின்மையும், கேட்க நாதியின்மையும்தான். சோதிக்க எளிதான உடம்பு எது என்று மருத்துவத்துக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. அங்கே கற்ற பாடம் பின்னால் காசு உள்ளவர்களின் ஆஸ்பத்திரிக்குப் போனது. பாடம் கொடுத்தவன் பழைய விடுதிக்கே திரும்பினான்.

கறுப்பர்களுக்கு இன்னொரு நினைவு இருந்தது. அலபாமா மாநிலம் மேக்கன் கவுண்டி, டஸ்கீகி. 1932-இல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை 600 கறுப்பு ஆண்களைச் சேர்த்தது. பெரும்பாலும் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுத ஏழைகள். 399 பேருக்கு சிபிலிஸ் என்ற மேகநோய் இருந்தது, 201 பேருக்கு இல்லை. நோயை அரசு அவர்களுக்கு ஏற்றவில்லை. இருந்த நோயை வைத்தியம் செய்யாமல் விட்டு, அது என்ன செய்கிறது என்று வேடிக்கை பார்த்தது. அவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. ‘உங்களுக்குக் கெட்ட ரத்தம்’ என்று மட்டும் சொன்னார்கள். இலவசச் சோதனை, சாப்பாடு, செத்தால் அடக்கச் செலவு. அதற்குப் பதிலாகப் பிணத்தை அறுத்துப் பார்க்க அனுமதி. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பதைச் ‘சிறப்பு இலவச சிகிச்சை’ என்று கடிதம் போட்டு வரவழைத்தார்கள். 1940-களின் பின்பாதியில் பெனிசிலின் எல்லா இடத்திலும் கிடைத்தது. இவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. 1972-இல் செய்தித்தாளில் அம்பலமாகும் வரை, 40 வருஷம், இது நடந்தது. 1997-இல் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார்.

தன்னுடைய புற்றுநோயே அமெரிக்க ஏகாதிபத்தியம் தனக்குக் கொடுத்தது என்று குவாமே துரே கடைசிக் காலத்தில் சொன்னார். அதற்குச் சான்று எதுவும் கிடையாது. ஆனால் டஸ்கீகியைப் படித்த பிறகு, அவரைப் பைத்தியக்காரர் என்று சிரித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. இலவசப் பரிசோதனை என்று ஒரு வண்டி தெருவுக்குள் வந்து நின்றால், கறுப்புக் கிழவர் ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறார் என்பது புரிகிறது. அவர் அறியாமையால் சாத்தவில்லை. அறிந்ததால் சாத்துகிறார்.

*

இந்தச் சாவுகளை எண்ணிக் காட்டியது யார் என்பது அடுத்த கதை.

வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகம் 1867-இல், அடிமைமுறை ஒழிந்த கையோடு, தொடங்கப்பட்டது. மற்ற மருத்துவக் கல்லூரிகள் கறுப்பர்களுக்குக் கதவடைத்த காலத்தில் கறுப்பு டாக்டர்களை உருவாக்கிய இடம். 1973-இல் அங்கிருந்த மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1950 முதல் 1967 வரை கறுப்பர்களிடையே புற்றுநோய்ச் சாவு விகிதம் சுமார் 20 விழுக்காடு ஏறியிருந்தது. வெள்ளையரிடம் பெரிய மாற்றம் இல்லை. அதை எழுதியவர்களில் ஒருவர் லசால் லெஃபால் என்ற கறுப்பு அறுவை மருத்துவர். 1978-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவரானதும், கறுப்பர்களிடையே புற்றுநோய் என்பதையே தன் பதவிக்காலத்தின் பேச்சாக ஆக்கினார்.

இவர்களுக்கு இந்த ஆய்வு எப்படிச் சாத்தியமானது? அமெரிக்காவில் இறப்புச் சான்றிதழில் இனம் எழுதப்படுகிறது. ஒதுக்கிவைப்பதற்காக எழுதின அதே கட்டத்தை, ஒதுக்கப்பட்டவன் எடுத்துக் கூட்டிக் கழித்துக் கணக்குக் காட்டினான்.

அடுத்தவர் ஹெரால்ட் ஃப்ரீமேன். நியூயார்க்கின் ஹார்லெம் பொது மருத்துவமனையில் 1967 முதல் அறுவை மருத்துவர். அவரிடம் வந்த பெண்கள் மார்பில் கட்டி முற்றிப் புண்ணான பிறகே வந்தார்கள். அவருக்கும் அந்த இளம் டாக்டரின் கேள்விதான் எழுந்திருக்கும். ஆனால் நோயாளியைக் கேட்டுவிட்டு நிற்கவில்லை. தெருவைப் பார்த்தார். 1990-இல் காலின் மெக்கார்டுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை உலகத்தையே உலுக்கியது. ஹார்லெமில் வாழும் ஒரு கறுப்பு ஆண் 65 வயதைத் தொடும் வாய்ப்பு, வங்கதேசத்து ஆணின் வாய்ப்பைவிடக் குறைவு என்று அதில் காட்டினார்கள். உலகத்தின் பணக்கார நகரத்துக்கு நடுவில்!

அதே 1990-இல் ஃப்ரீமேன் ஓர் எளிய காரியம் செய்தார். சோதனையில் சந்தேகம் என்று வந்தவர்களுக்கு ஒரு துணையாளைக் கொடுத்தார். எந்த அறைக்குப் போகணும், எந்தச் சீட்டு வாங்கணும், இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் என்ன செய்யணும், பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று கூடவே நின்று வழிகாட்டுகிற ஆள். அதற்கு முன்பு ஹார்லெமில் மார்புப் புற்றுநோய் வந்த பெண்களில் அய்ந்து வருஷம் பிழைத்தவர்கள் 39 விழுக்காடு. இலவசப் பரிசோதனையும் இந்தத் துணையும் சேர்ந்த பிறகு, 1995–2000 காலத்து நோயாளிகளில் 70 விழுக்காடு. ஜனங்கள் அதே ஜனங்கள். ரத்தமும் அதே ரத்தம்.

எங்க அப்பாவோடு நாங்கள் ஓ.பி. சீட்டைப் பிடித்துக்கொண்டு கட்டிடம் கட்டிடமாக அலைந்த அந்த நாலைந்து நாளை நினைத்துக்கொள்கிறேன். இங்கே இல்லை, அங்கே போ. அங்கே மூடிட்டாங்க, நாளைக்கு வா. படித்தவன் நான் கூட இருந்தே அந்தக் கதி.

*

1980-களில் ஒரு ரத்தப் பரிசோதனை வந்தது. புராஸ்டேட் சுரக்கிற ஒரு புரதத்தை ரத்தத்தில் அளப்பது. பி.எஸ்.ஏ. என்று பெயர். அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 1986-இல் நோயாளிகளைக் கண்காணிக்கவும், 1994-இல் நோயைக் கண்டுபிடிக்கவும் இதற்கு அனுமதி கொடுத்தது. கத்தி வேண்டாம், ஒரு ஊசி ரத்தம் போதும். ஆனால் இந்த அளவு கூடினால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. வீக்கத்தாலும் கூடும், கிருமியாலும் கூடும். சந்தேகம் வந்தால் சதைச் சோதனை, பிறகு அறுவை, கதிர்வீச்சு. ஆமைக்கும் வேட்டைநாய்க்கும் ஒரே வைத்தியம். ஆயிரமாயிரம் ஆண்கள் தேவையில்லாமல் வெட்டப்பட்டார்கள். மூத்திரத்தை அடக்க முடியாமலும் ஆண்மை இழந்தும் போனார்கள்.

இங்கேதான் கறுப்பு நிபுணர்களுக்குள்ளேயே ஒரு வழக்கு எழுந்தது. நம் இயக்கங்கள் கவனிக்கவேண்டிய வழக்கு.

டெட்ராய்ட் நகரத்தின் ஐசக் பாவெல், கறுப்பினச் சிறுநீரகவியல் மருத்துவர். 1990-களில் கறுப்பர்களின் தேவாலயங்களைத் தேடிப்போய், பேசி, சோதனை செய்தார். தானாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைவிட, இப்படித் தேடிப்போய்ப் பார்த்தவர்களிடம் நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தது அதிகம் என்று 1997-இல் எழுதினார். வேறு காரணங்களால் இறந்தவர்களின் புராஸ்டேட்டுகளை ஆராய்ந்து, வெளியே தெரியாத சின்னப் புற்று கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஒரே அளவில்தான் இருக்கிறது, வளர்வதில்தான் கறுப்பருக்கு வேகம் கூடுதல் என்று 2010-இல் காட்டினார். ஆகவே கறுப்பர்களுக்குச் சோதனையை முன்கூட்டித் தொடங்கு என்பது அவர் கட்சி.

அதே டெட்ராய்ட்டில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஓடிஸ் பிராலி, அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் தலைமை மருத்துவராக 2007 முதல் 2018 வரை இருந்தவர். அவர் வேறு மாதிரி கேட்டார். இலவசப் பரிசோதனை நடத்துகிற ஆஸ்பத்திரி எதற்காக நடத்துகிறது? சோதனை இலவசம். அதற்குப் பின்னால் வருகிற சதைச் சோதனையும் அறுவையும் இலவசமா? உயிரைக் காக்கும் என்று நிரூபிக்காததை, நிரூபித்ததுபோலச் சொல்லி ஏழைக் கறுப்பனிடம் விற்பது இன்னொரு டஸ்கீகி இல்லையா? முதலில் சமமான வைத்தியத்தைக் கொடு, சமமான பலன் வரும் என்றார்.

சரி, சோதனை உயிரைக் காக்கிறதா என்று பெரிய ஆய்வுகளைப் பார்த்தால் தெரிந்துவிடாதா? 2009-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. அமெரிக்க ஆய்வில் 76,000-க்கும் மேற்பட்ட ஆண்கள். பலன் தெரியவில்லை என்றது. அய்ரோப்பிய ஆய்வில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல். சாவு குறைகிறது என்றது. நிபுணர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஆனால் கறுப்பர்களின் கேள்வி எளிது: இதில் எங்களவர் எத்தனை பேர்? அமெரிக்க ஆய்வில் நூற்றுக்கு நாலைந்து பேர். அய்ரோப்பிய ஆய்வை வைத்துக் கறுப்பர்களைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. யார் அதிகமாகச் சாகிறார்களோ அவர்களைக் கிட்டத்தட்ட வெளியே நிறுத்திவிட்டு அறிவியல் நடந்திருக்கிறது. அந்தச் சான்றை வைத்து 2012-இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, யாருக்கும் பி.எஸ்.ஏ. சோதனை வேண்டாம் என்றது. 2018-இல் அதை மாற்றி, 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம் என்றது. கறுப்பர்களுக்குத் தனியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் ஒப்புக்கொண்டது. சேர்க்காமல் விட்டவர்களே சான்று இல்லை என்கிறார்கள்!

அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்திலிருந்து இருபது வருஷத்தில் புராஸ்டேட் புற்றுநோய்ச் சாவு விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கறுப்பர்களிடமும் குறைந்தது. இடைவெளி மட்டும் போகவில்லை. 2024-இல் இஸ்லா கேரவே தலைமையிலான நிபுணர் குழு, கறுப்பு ஆண்கள் 40-க்கும் 45-க்கும் இடையிலேயே முதல் சோதனையைச் செய்துகொள்ளலாம் என்று தனி வழிகாட்டுதலை வெளியிட்டது. இன்றைக்கு ஆமை என்று தெரிந்தால் வெட்டாமல் கண்காணிக்கும் முறையும் வந்துவிட்டது. பாவெலும் பிராலியும் எழுப்பிய இரண்டு கேள்விகளும் சேர்ந்துதான் இந்த இடத்துக்குக் கொண்டுவந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. தேடிப்போ என்றார் ஒருவர். தேடிப்போனவனை ஏமாற்றாதே என்றார் மற்றவர்.

*

இனி ரத்தத்துக்கு வருவோம்.

மரபணுவில் எதுவுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எட்டாவது குரோமோசோமின் ஒரு பகுதியில் இந்த நோயின் வாய்ப்பைக் கூட்டும் மாற்றங்கள் இருப்பதும், அவற்றில் சில ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம் இருப்பதும் 2006-க்குப் பின் தெரியவந்தன. நோய் வருவதில் அதற்குப் பங்கு இருக்கிறது. ஆனால் வந்த நோயில் சாவதில்?

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு அரசே நடத்தும் மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே கறுப்பனுக்கும் வெள்ளையனுக்கும் ஒரே கதவு, ஒரே வைத்தியம். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அங்கே சிகிச்சை பெற்ற 60,035 புராஸ்டேட் புற்றுநோயாளிகளைப் பார்த்தது. 18,201 பேர் கறுப்பர். பத்து வருஷத்தில் இந்த நோயால் இறந்தவர்கள் கறுப்பரில் 4.4 விழுக்காடு, வெள்ளையரில் 5.1 விழுக்காடு. அதற்கு முந்திய வருஷம், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்த இன்னொரு ஆய்வும் சமமான சிகிச்சை கிடைத்த இடத்தில் கறுப்பர்கள் கூடுதலாகச் சாகவில்லை என்றது.

நூறு வருஷமாகச் சொல்லிவந்த கெட்ட ரத்தம் எங்கே போயிற்று? கதவைத் திறந்ததும் காணாமல் போயிற்று.

ரத்தத்தில் உண்மையிலேயே ஒன்று கலந்திருந்த கதையும் உண்டு. அதில் நம் ஜனமும் இருக்கிறது. கரீபியன் கடலில் குவாதலூப், மார்த்தினிக் என்று பிரான்சுக்குச் சொந்தமான இரண்டு தீவுகள். அடிமைமுறை ஒழிந்த பின் கரும்புக் காட்டுக்கு ஆள் வேண்டி, 1850-கள் முதல் 1880-கள் வரை புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழ்க் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். சேரிக்காரர்களும் அதில் போனார்கள். அடிமைகளின் பிள்ளைகளும் கூலிகளின் பிள்ளைகளும் ஒரே மண்ணில் வேலை செய்தார்கள். பின்னால் அங்கே வாழை வந்தது. வாழைக் கிழங்கைத் துளைக்கும் வண்டுக்காக 1970-களின் தொடக்கத்திலிருந்து 1993 வரை குளோர்டிகோன் என்ற நஞ்சைக் கொட்டினார்கள். இதைத் தயாரித்த அமெரிக்க ஆலை, தொழிலாளர்கள் நடுக்கம் பிடித்து விழுந்ததால் 1975-இலேயே மூடப்பட்டது. பிரான்ஸ் 1990-இல் தடைசெய்தது. தீவுகளுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்து மேலும் மூன்று வருஷம் ஓட்டினார்கள். 1974-இலேயே மார்த்தினிக் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நச்சுமருந்தை நிறுத்து என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. பதிலாகக் கிடைத்தது துப்பாக்கிச் சூடு. கீழ்வெண்மணியை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்றைக்கு அந்தத் தீவுகளில் வயதுவந்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தில் அந்த நஞ்சு இருக்கிறது. உலகத்திலேயே புராஸ்டேட் புற்றுநோய் மிக அதிகமுள்ள இடங்களில் அவை அடங்கும். ரத்தத்தில் இந்த நஞ்சு கூடுதலாக உள்ளவர்களுக்கு நோய் வாய்ப்பும் கூடுதல் என்று 2010-இல் குவாதலூப் ஆய்வு காட்டியது. 2021 டிசம்பரில் பிரெஞ்சு அரசு, பூச்சிமருந்து கையாண்ட தொழிலாளிக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயைத் தொழில்நோய் என்று ஒப்புக்கொண்டது. 2023-இல் பாரிஸ் நீதிபதிகள், யாரையும் தண்டிக்க வழியில்லை என்று குற்ற வழக்கை முடித்துவைத்தார்கள். ரத்தம் கெட்டது உண்மை. கெடுத்தவனுக்குத்தான் பெயரில்லை.

*

இப்போது நம்மூருக்கு வருகிறேன். சென்னையில் 1982 முதல் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. நான் பார்த்த அறிக்கைகளில் வயது இருக்கிறது, ஆணா பெண்ணா இருக்கிறது, எந்த உறுப்பு என்று இருக்கிறது. சாதிவாரியான பட்டியல் இல்லை. பிறந்ததும் சாதி, பள்ளிக்கூடத்தில் சாதி, சுடுகாட்டில்கூட சாதி பார்க்கிற நாட்டில், சாவதைக் கணக்கெடுக்கும்போது மட்டும் சாதி மறந்துவிடுகிறது. ஹோவர்ட் மருத்துவர்களுக்கு 1973-இல் கிடைத்த கணக்கு நமக்கு இன்னும் கிடைக்கவில்லை. எண்ணாதவரை ‘லேட்டா வந்தான், செத்தான்’ என்பதே வரலாறாக இருக்கும்.

இன்னொன்றையும் ஆண்களாகிய நாம் பேசியாகவேண்டும். கறுப்பர்கள் தங்கள் முடிதிருத்தும் கடைகளில் உட்கார்ந்து இந்த நோயைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே அந்தக் கடை அவர்களுடைய சொந்த இடம். எத்தனையோ ஊர்களில் நமக்குக் கடைக்குள் நாற்காலியே மறுக்கப்பட்டது. எங்க அப்பாவுக்கு அவர் இளவயதில் மரத்தடியில்தான் முடிவெட்டு. அப்படியென்றால் நாம் பேசுவதற்கு நமக்கென்று எந்த இடம்? இயக்கக் கூட்டத்திலாவது இதைப் பேசுகிறோமா? சுயமரியாதை பேசுகிற வாய், மூத்திரம் வரவில்லை என்று சொல்லக் கூசுகிறது. ஆம்பளைத்தனம் என்பதும் நம்மைக் கொல்கிறது தோழர்களே. அதை வெள்ளைக்காரனோ ஊர்க்காரனோ வந்து நமக்காக விடமாட்டான்.

போன வருஷம் நான் சோதனை செய்துகொண்டேன். அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மருத்துவரும் முதலில் கேட்டது அதைத்தான். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா? என் தம்பியை அதே கேள்வி கேட்டபோது, ‘அப்பா நீரடைப்புல செத்தாரு சார்’ என்றுதான் சொல்லியிருக்கிறான். மருத்துவரும் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார். இருபது வருஷம் ஆகப்போகிறது, எங்கள் வீட்டிலேயே இன்னும் அவர் எதனால் செத்தார் என்று எழுதப்படவில்லை.

தம்பியைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்த் திருத்தி எழுதவைத்தேன். என் மகனிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். தாத்தா எதனால் செத்தார் என்று யாராவது கேட்டால் நீரடைப்பு என்று சொல்லாதே. புராஸ்டேட் புற்றுநோய், 2009, வயது 65, மூட்டை தூக்கினவர், யாரும் காலத்தோடு பார்க்கவில்லை என்று முழுசாகச் சொல்.